வகையும் இனமும் ரகமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அளவிற் சிறியது. அன்றாடம் நாம் வழங்கும் ஏழெட்டுச் சொற்களைப் பற்றியது. வகை, விதம், இனம், சாதி, ரகம், தினுசு, தரம் என்பன அச்சொற்கள். ஒன்றையொன்று ஒத்திருக்கும் பலவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பெயரிடவும், அக்கூட்டத்தினுள்ளே வேற்றுமை கண்டு மீண்டும் பிரிக்கவும் இவை நமக்குத் துணை செய்கின்றன. கடைத்தெருவில் நின்று, "இதில் எத்தனை வகை இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார். "எத்தனை ரகம்?" என்கிறார் மற்றொருவர். "எத்தனை தினுசு?" என்கிறார் மூன்றாமவர். கடைக்காரர் மூவருக்கும் ஒரே விடையைத்தான் தருகிறார். அதனால் யாருக்கும் கேடில்லை.

ஆயினும் எல்லா இடமும் கடைத்தெரு ஆகிவிடாது. விதை வாங்கும் இடம் உண்டு, விளைந்ததை விற்கும் இடம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, மனிதரைப் பற்றிப் பேசும் இடமும் உண்டு. அவ்விடங்களில் இச்சொற்களுள் ஒன்றன் இருப்பிடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டால் விளைவு சிறிதன்று. உழவனுக்குப் பொருள் இழப்பு நேரும். மாணவனுக்கு அறிவு குழம்பும். சில வேளைகளில் மனிதனுடைய மதிப்பே குறைவுபடும். ஆகவே இச்சொற்களைச் சற்று நிறுத்தி அளந்து பார்ப்பது பயனுள்ள செயல் என்று கருதுகிறேன்.

நான் வாழும் ஊர் ஆண்டிமடம். தெற்கே செயங்கொண்டம், வடக்கே விருத்தாசலம். இடையே செம்மண் நிலம். எங்கள் பக்கத்தில் முந்திரிக் கொல்லைகள் மிகுதி. ஆகவே என் முதல் எடுத்துக்காட்டும் முந்திரியாகவே அமையட்டும்.

ஒரே ஒரு முந்திரிப் பருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கலாம். இது எந்த மரத்தின் பருப்பு என்பது முதற் கேள்வி. மாவும், ஒதியும், சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்தில் ஒரு தனிப்பட்ட இனம் முந்திரி என்பது அதற்கு விடை. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் அவ்வினத்துக்கு 'அனகார்டியம் ஆக்சிடென்டேல்' என்று இருசொற் பெயர் இட்டார். அந்த இனத்தில் இது எந்தப் பிரிவினது என்பது இரண்டாம் கேள்வி. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்து வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்று ஒருவர் கூறலாம், அது ரகம். இதன் அளவும் நிறமும் எப்படி என்பது மூன்றாம் கேள்வி. டபிள்யூ 320 என்று வணிகர் சொல்லுவார். முழுமையான வெள்ளைப் பருப்பு, ஓர் இராத்தல் எடைக்கு 300 முதல் 320 வரை நிற்கும் என்பது அதன் பொருள். 180 என்றால் பருப்புப் பெரிது, 450 என்றால் சிறிது. இது தரம். இதனை எவ்வாறு ஆக்கி விற்கிறார்கள் என்பது நான்காம் கேள்வி. பச்சையாகவா, வறுத்தா, உப்பிட்டா, மிளகு தூவியா? அது வகை.

இனம், ரகம், தரம், வகை என்னும் நான்கும் அந்த ஒரே பருப்பில் அடங்கியிருக்கின்றன. ஆனால் அந்நான்கையும் செய்தவர்கள் வெவ்வேறானவர்கள். இனத்தை இயற்கை செய்தது. ரகத்தை உழவனும் ஆராய்ச்சியாளனும் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தினார்கள். தரத்தைச் சந்தை விதித்தது. வகையை ஆக்குபவர் தம் விருப்பத்தால் வகுத்தார். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பயின்ற எண்சுவடியிலே முந்திரி என்பது ஒரு பின்னத்தின் பெயர். ஒன்றை 320 கூறு செய்தால் அதில் ஒரு கூறு முந்திரி. இன்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற பருப்பின் தரமும் 320-ஆகவே வந்து வாய்த்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, தற்செயலே. ஆனாலும் கணக்காசிரியர் ஒருவருக்கு இதைக் கண்டால் புன்னகை வராமல் இராது.

இனி ரகம் என்னும் சொல்லைப் பார்ப்போம். இது அரபு மொழியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. முதலில் எழுதிய குறி, எண் என்னும் பொருளை உடையது. கணக்கில் வரும் உருப்படியைக் குறித்துப் பின்னர்ப் பொருளின் பிரிவைக் குறிக்கலாயிற்று. இன்று வேளாண்மைத் துறையில் இதற்கு ஒரு திட்டமான பொருள் ஏற்பட்டுவிட்டது. 2001-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தாவர ரகங்களின் பாதுகாப்புக்கும் உழவர் உரிமைக்குமாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒன்றைத் தனி ரகம் என்று பதிவு செய்ய வேண்டுமானால் மூன்று இலக்கணங்கள் அதில் அமைந்திருக்க வேண்டும். மற்ற ரகங்களிலிருந்து பிரித்து அறியத்தக்க தனித்தன்மை ஒன்று. வயலில் நிற்கும் செடிகள் தம்முள் ஒத்திருக்கும் ஒருமைத்தன்மை மற்றொன்று. தலைமுறை மாறினாலும் தன்மை மாறாத நிலைத்தன்மை மூன்றாவது. இம்மூன்றில் மூன்றாவதைத்தான் உழவர்கள் மிகவும் கருத்தில் கொள்ளவேண்டும்.

ஏனெனில் இந்த நிலைத்தன்மை எல்லாப் பயிர்களிலும் ஒரே வழியாக வருவதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே நெல், முந்திரி, மக்காச்சோளம் என்னும் மூன்று பயிர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். ஆகவே நல்ல நெல் ரகம் ஒன்றின் விதையைக் கலப்பில்லாமல் எடுத்து வைத்து மறு ஆண்டு விதைத்தால் அதே ரகமே விளையும். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. அங்கிருந்து வந்த ரகங்களும் சரி, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற பழைய ரகங்களும் சரி, விதை வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுகின்றன. பாட்டன் குதிரில் வைத்த விதையைப் பேரன் விதைக்க முடிந்தது இந்த இயல்பினால்தான்.

முந்திரியின் இயல்பு அப்படிப்பட்டதன்று. ஒரு மரத்தின் பூ மற்றொரு மரத்தின் மகரந்தத்தாலும் கருவுறும். ஆகவே வி.ஆர்.ஐ. 3 மரத்திலிருந்து பொறுக்கிய கொட்டையை ஊன்றினால் முளைப்பது முந்திரிதான். ஆனால் அது வி.ஆர்.ஐ. 3 ஆகிவிடாது. தாய் மரத்தைப்போலக் காய்த்தாலும் காய்க்கலாம், காய்க்காமலும் போகலாம். தாயின் தன்மையை அப்படியே பெற வேண்டுமானால், தாய் மரத்துக் கிளை நுனியை எடுத்து இளங்கன்றின் தண்டில் ஒட்டுக்கட்ட வேண்டும். முந்திரியில் ரகம் என்பது ஒட்டுக்கன்றிலேதான் உயிர்வாழ்கிறது, கொட்டையில் இல்லை. விதைக்கன்றுகளை வளர்த்துவைத்து, "இது இன்ன ரகம், கொட்டை அந்த மரத்தினது" என்று ஒருவர் விற்றால், அவர் கொட்டையைப் பற்றிக் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ரகத்தைப் பற்றிக் கூறுவது உண்மையாகாது.

இதிலுள்ள இழப்பை எண்ணிப் பாருங்கள். நெல்லில் தவறினால் ஒரு போகம் போகும். முந்திரியிலோ கன்று வளர்ந்து காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதன் பின்னர் அம்மரம் பல பத்தாண்டுகள் நிலத்தில் நிற்கும். தவறான கன்றை நட்டவர் அதன் பயனைத் தம் மக்களுக்கும் விட்டுச் செல்கிறார். 2011-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கரை கடந்தபோது, எங்களை அடுத்துள்ள கடலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் பெருமளவில் சாய்ந்தன. ஒரு தலைமுறை உழைப்பு ஒரே பொழுதில் விழுந்தது. அத்தகைய நிலத்தில் மீண்டும் நடுகிற உழவன், "இது முந்திரிக்கன்றுதானே?" என்று கேட்டால் போதாது. "இது ஒட்டுக்கன்றா, எந்த ரகத்தின் ஒட்டு, தாய்மரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். சரியான கேள்வியைக் கேட்பதற்குச் சரியான சொல் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது பயிர் மக்காச்சோளம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இது மிகுதியாகப் பயிராகிறது. இங்கு விதைக்கப்படுவதில் பெரும்பகுதி வீரிய ஒட்டு என்று வழங்கும் விதை. வேறுபட்ட இரு பெற்றோர் வழிகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதை அது. முதல் தலைமுறையில் வளர்ச்சியும் விளைச்சலும் மேலோங்கி நிற்கும். அதன் மணியை எடுத்துவைத்து மறு ஆண்டு விதைத்தாலோ, பாட்டன் பாட்டிகளின் தன்மைகள் பிரிந்து சிதறிவிடும், செடிக்குச் செடி வேறுபடும், விளைச்சல் குறையும். ஆகவே ஆண்டுதோறும் புதிய விதை வாங்கியாக வேண்டும்.

இப்பொழுது நம் சொல் செய்யும் குழப்பத்தைக் கவனியுங்கள். முந்திரியிலும் 'ஒட்டு' என்கிறோம். மக்காச்சோளத்திலும் 'ஒட்டு' என்கிறோம். முன்னது தாயின் தன்மையை மாறாமல் காப்பது. பின்னது மறு தலைமுறையில் தன் தன்மையை இழப்பது. நேர்மாறான இரண்டுக்கு ஒரே பெயர் இட்டு வழங்குகிறோம். கறவை மாடுகளின் வகையில் மட்டும் 'கலப்பினப் பசு' என்று சரியாகச் சொல்லிவிட்டோம். பயிர்களிலும் 'கலப்பு' என்னும் சொல்லை வழங்கினால் எத்தனையோ உழவர் தெளிவு பெறுவார்கள். கலப்பின் மணியை விதைக்காதே, ஒட்டின் கிளையை மேலும் ஒட்டலாம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

விதை மூட்டையில் தொங்கும் அட்டைகளும் இத்தகையனவே. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்பது முறை. மூன்று நிற அட்டைகளையும் கண்டு மூன்று ரகம் என்று எண்ணிவிடலாகாது. ஒரே ரகத்தின் விதை, பெருக்கப்படும் வழியில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று நிலைகள் அவை. ரகத்தின் பெயர் அட்டையில் எழுதியிருக்கும். நிறம் நிலையைக் காட்டும்.

விளைந்த நெல்லை விற்கும் இடத்துக்குச் செல்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 'சன்ன ரகம்', 'பொது ரகம்' என்று இரண்டே பிரிவுகள். இரண்டுக்கும் விலை வேறு. வயலிலே பல பெயர்களோடு விளைந்த நெல்லெல்லாம் இங்கே வந்ததும் இரண்டு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. உண்மையில் இங்கே ரகம் என்று எழுதப்படுவது ரகம் அன்று. மணியின் வடிவைக்கொண்டு விலைக்காக வகுத்த தரமே. 'சன்னத் தரம்', 'பொதுத் தரம்' என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். பொது ரகம் என்ற பெயரைக் கேட்ட இளைஞர் சிலர், அதில் அடங்கும் பழைய பருமணி நெல்லெல்லாம் தாழ்ந்தவை என்று எண்ணுவதும் உண்டு. சந்தை ஒன்றுக்கு இட்ட விலையை அதன் பிறவிக் குணம் என்று கருதும் மயக்கம் இது. இம்மயக்கம் நெல்லோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி இனம் என்னும் சொல்லுக்கு வருகிறேன். இது நம் பழந்தமிழ்ச் சொல். கூட்டம், சுற்றம், ஒத்த தன்மை உடையவை என்று பொருள். இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்கிறோம். ககரத்துக்கு ஙகரம் இன எழுத்து என்கிறோம். பிறப்பிடத்தால் ஒன்றியவற்றை இனம் என்று கூறியது மிகவும் பொருத்தம்.

உயிரியல் நூல்களைத் தமிழில் ஆக்கியவர்கள் இச்சொல்லையே அடிப்படையாகக் கொண்டார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் பேரினம், சிற்றினம் என்று வருகின்றன. மாணவன் ஒருவன் காலையில் உயிரியல் வகுப்பில், மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்று படிக்கிறான். பிற்பகலில் தமிழ் வகுப்பில் திருக்குறளைத் திறந்தால் 46-ஆம் அதிகாரத்தின் பெயர் 'சிற்றினம் சேராமை' என்று இருக்கிறது. வள்ளுவர் சொல்லும் சிற்றினம் சிறியோர் கூட்டம். உயிரியலார் சொல்லும் சிற்றினம் உயிர்ப் பாகுபாட்டில் ஒரு படி. இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியது ஆசிரியரின் கடமை. விளக்கினால் பிள்ளைகள் மகிழ்ந்து சிரிப்பார்கள். பிறகு அவ்விரு பொருளையும் மறக்கவே மாட்டார்கள்.

இலங்கையில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்களின் நூல்களிலோ சொற்கள் வேறு. நாம் பேரினம் என்பதை அவர்கள் 'சாதி' என்கிறார்கள். நாம் சிற்றினம் என்பதை அவர்கள் 'இனம்' என்கிறார்கள். கடல் கடந்தால் தமிழ் ஒன்றாகவே இருக்கிறது. பாகுபாட்டின் பெயர்கள் மாறிவிடுகின்றன. அங்குள்ளவர் ஒரு செடியின் சாதி யாதென்று கேட்டால், அதில் மனிதச் சமூகத்தின் உயர்வு தாழ்வு எதுவும் கலந்திருக்கவில்லை. இதைக் கேட்டு நம் நாட்டவர் சிலர் திடுக்கிடலாம். ஆனால் பழைய வழக்கும் அவர்களுக்குச் சான்றாக நிற்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில், நீரில் வாழும் உயிர்களைக் குறிக்கும் இடத்தில் சாதி என்னும் சொல் ஆளப்பட்டிருக்கிறது. நாமும் ஒரு பூவைச் சாதிமல்லி என்று இன்றும் அழைக்கிறோம்.

மரபியலைப் பற்றிச் சொன்னதனால் அதில் உள்ள மற்றொரு பாகுபாட்டையும் கூறிவிட வேண்டும். வயிரம் புறத்தே இருப்பவற்றைப் புல் என்றும், அகத்தே இருப்பவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. அதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லின் பாற்படும். இன்றைய தாவரவியலார் அம்மூன்றையும் ஒருவிதையிலைத் தாவரங்களில் சேர்த்து, புல்லுக்கு உறவாகவே காண்கிறார்கள். உயரத்தையோ பருமனையோ பார்த்து ஏமாறாமல் உள்ளமைப்பைப் பார்த்து வகுத்த கூர்மை அது. நிகண்டு செய்தவர்களும் இத்தொழிலையே செய்தார்கள். திவாகரம் தன் பகுதிகளைத் தொகுதி என்றது. பிங்கலம் வகை என்றது. எங்கள் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அமைத்தபோது, சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காக வகுத்தார். ஒன்றைத் தேடுபவன் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும், அதற்காகவே வகுத்தல்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதோ என்று ஐயுற வேண்டா. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தொழில் நிமித்தம் இசுபானிய மொழி கற்று வருகிறார். 'வகை' என்பதற்கு அம்மொழியில் ஐந்தாறு சொற்கள் இருக்கின்றனவே, எதை எங்கே இடுவது என்று வியந்தார். அவர் கூறியதைக் கேட்டபோது நம் சொற்களின் நிழலையே அங்கும் கண்டேன். 'கிளாசே' என்பது வகை. அதுவே பள்ளியின் வகுப்பும் ஆகும். நமக்கும் வகு என்னும் ஒரே வேரிலிருந்து வகையும் வகுப்பும் பிறந்திருக்கின்றன அல்லவா? 'தீப்போ' என்பது மாதிரி. பேச்சில் ஓர் ஆளையும் அவ்வாறு குறிப்பதுண்டு. 'பரியெதாத்' என்பது பயிரின் ரகம். 'எஸ்பேசியே' என்பது உயிரியலின் சிற்றினம். அதன் இலத்தீன் மூலத்திலிருந்தே மிளகு, ஏலம் போன்ற நறுமணச் சரக்குகளைக் குறிக்கும் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் பிறந்தது. பல வகைப் பண்டம் என்னும் கருத்து அப்படி வளர்ந்தது. 'ஹெனெரோ' என்பது உயிரியலில் பேரினம், இலக்கணத்தில் பால், கடையிலோ துணி முதலிய சரக்கு. அவர்களுக்கும் இடம் நோக்கியே சொல்லைத் தேரவேண்டியிருக்கிறது.

இந்த ஹெனெரோ என்னும் சொல்லுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அதன் மூலம் இலத்தீனில் 'கெனுஸ்'. கிரேக்கத்தில் அதன் உடன்பிறப்பு 'கெனோஸ்'. பிறத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தவை அவை. கிரேக்கச் சொல் அரபியரிடம் சென்று 'ஜின்ஸ்' ஆயிற்று. அது உருது வழியாகத் தென்னாட்டுக்கு வந்து 'தினுசு' ஆயிற்று. வடமொழியில் பிறத்தலைக் குறிக்கும் 'ஜன்' என்னும் வேரும் அவற்றோடு ஒரே குடும்பத்தது. அதிலிருந்து தோன்றியதே ஜாதி, நம் வழக்கில் சாதி. ஆகவே, கடைக்காரர் சொல்லும் தினுசும், இசுபானியர் சொல்லும் ஹெனெரோவும், நம்மவர் சொல்லும் சாதியும் ஒரே வேரின் கிளைகள். மூன்றுக்கும் அடிப்படை பிறப்பு. வகை என்னும் தமிழ்ச் சொல்லுக்கோ அடிப்படை வகுத்தல். பிறப்பு இயற்கை செய்வது. வகுத்தல் மனிதன் செய்வது. நான் இவ்வளவு நேரம் சொல்லிவந்ததன் மையம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தார்கள். முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்களே. நம் மக்களிடையே இருந்த பிரிவுகளைக் கண்டு அவர்கள் 'காஸ்தா' என்னும் தங்கள் சொல்லால் குறித்தார்கள். வழி, மரபு என்னும் பொருளில் அவர்கள் நாட்டில் வழங்கிய சொல் அது. இன்றும் போர்த்துக்கல் நாட்டில் திராட்சை ரகங்களைக் காஸ்தா என்றே கூறுகிறார்கள். இசுபானியர் மெக்சிகோவை ஆண்ட காலத்தில் கலப்பு மணத்தில் பிறந்த மக்களுக்கு அதே சொல்லை வழங்கி, அவர்களைப் படிப்படியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பிரிவுகளை ஓவியங்களாகவும் தீட்டி வைத்தார்கள். ஆங்கிலேயர் அச்சொல்லையே எடுத்துக்கொண்டு நம்மைப் பற்றி உலகமெங்கும் எழுதினார்கள். திராட்சைக்கும் குதிரைக்கும் உரிய சொல்லை மனிதனுக்கு இட்டதனால், மனிதரிலும் பிறவியிலேயே வேறுபட்ட ரகங்கள் உண்டு என்னும் எண்ணத்துக்கு அச்சொல் துணைபோயிற்று. நம்மிடையே அவ்வெண்ணம் அதற்கு முன்னரே இருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

இந்த இடத்தில்தான் சொல்லின் தவறு மிகக் கொடியதாகிறது. உயிரியலின்படி மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம். எந்த நாட்டவரும் எந்தக் குலத்தவரும் மணந்து மக்களைப் பெறலாம். அம்மக்களும் அவ்வாறே பெறுவார்கள். ஒரே இனம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின் பேரழிவைக் கண்ட பின்னர், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெசுகோ 1950-இல் அறிஞர் குழுவைக்கொண்டு இவ்வுண்மையை உலகுக்கு அறிவித்தது. நம் இலக்கணம் அதனை எப்பொழுதோ சொல்லிவிட்டது. தமிழ் இலக்கணத்தில் மக்கள் எல்லாரும் ஒரே திணை, உயர்திணை. அத்திணைக்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்னும் பிரிவுகளே உண்டு. வினைமுற்றிலோ பெயரிலோ குலத்துக்கென்று ஒரு விகுதி நம் மொழியில் இல்லை. 'வந்தான்' என்றால் எவன் வந்தாலும் வந்தான்தான்.

அப்படியானால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் அந்தக் கட்டம் ஏன் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். பல ஆண்டுகள் அப்பதிவேட்டை நிரப்பியவன் என்ற முறையில் இதற்கு விடை கூற எனக்கு உரிமை உண்டு. அங்கே பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதுகிறோம். வகுப்பு என்னும் சொல்லைக் கவனியுங்கள், வகுத்ததனால் ஏற்பட்டது. 'பிற்படுத்தப்பட்ட' என்பதையும் கவனியுங்கள். தாமே பின்தங்கியவர் என்று கூறாமல், பிறரால் பிற்படுத்தப்பட்டவர் என்று கூறுகிறது. சமூகம் செய்த ஒரு தீங்கை அச்சமூகமே சரிசெய்வதற்காக வைத்துள்ள குறிப்பு அது. அந்தக் கட்டத்தில் எழுதுவது ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த வரலாறு. பிள்ளையின் இனமோ தரமோ அங்கே எழுதப்படுவதில்லை. பதிவேட்டை மூடிவிட்டு வகுப்பறைக்குள் நுழையும்போது அக்கட்டத்தை வெளியிலேயே விட்டுவரத் தெரிந்தவர்தான் ஆசிரியர்.

நெல்லைப் பற்றி முன்பு கூறியதை இங்கே நினைவூட்டுகிறேன். கொள்முதல் நிலையம் இட்ட தரத்தை நெல்லின் பிறவிக் குணம் என்று நினைப்பது அறியாமை. சமூகம் வகுத்த வகுப்பை மனிதனின் பிறவிக் குணம் என்று நினைப்பதும் அதே அறியாமைதான். நெல்லின் வகையில் அதனால் சிறிது பணம் குறையும். மனிதனின் வகையில் தலைமுறைகள் குனிந்து நடந்தன.

ஆகவே நேயர்களே, இச்சொற்களை எடுக்கும்போது ஒரு சிறு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இப்பிரிவைச் செய்தவர் யார்? இயற்கை செய்திருந்தால் இனம் என்போம். பயிரிலே தேர்ந்து நிலைநிறுத்தியதானால் ரகம் என்போம். அதனுடன், அது விதையால் நிற்பதா, ஒட்டால் நிற்பதா, ஒரே தலைமுறைக் கலப்பா என்பதையும் கேட்போம். விலைக்காகப் பிரித்ததானால் தரம் என்போம். நம் வசதிக்காக நாமே பிரித்ததானால் வகை என்றோ வகுப்பு என்றோ சொல்லுவோம். தினுசு என்னும் சொல்லைக் கடைத்தெருவுக்கே விட்டுவிடலாம். அங்கே அது நன்றாகவே பணிசெய்கிறது. சாதி என்னும் சொல் மல்லிகையின் பெயரில் மணந்துகொண்டிருக்கட்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இன்று இரவு உணவின்போது ஒரு விளையாட்டு நடத்திப் பாருங்கள். இலையில் இருக்கும் சோற்றைக் காட்டி, இது என்ன இனம், என்ன ரகம், என்ன தரம், எவ்வகையாகச் சமைத்தது என்று கேளுங்கள். சம்பா என்று பிள்ளை சொன்னால், அது பருவத்தின் பெயரா, நெல்லின் பெயரா என்று மேலும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அடுத்த முறை அரிசி வாங்கும்போது கடையில் கேட்கச் சொல்லுங்கள். கேட்கப் பழகிய பிள்ளை நாளை விதைக் கடையிலும் கேட்பான். யாரேனும் மனிதரைத் தினுசு பிரித்துப் பேசினால், இதை வகுத்தவர் யார் என்று அங்கேயும் கேட்பான்.